கிளச்சும் என் இடது காலும்

அன்புள்ள பம்பரத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று வழக்கமாக எழுதுவேன், இந்த முறை பாதி சுகம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். இருப்பதே இரண்டு அறை, இங்கே டம்ளர் விழுந்தால் உடைந்ததா என்று அங்கிருந்து அப்பா கேட்கிறார், இதில் எதைச் சொல்வது. அவர் மத்தியானம் கண்ணயர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

அவருக்கு வாதத்தில் இடது பக்கம் விழுந்து ஏழு மாதம் ஆகிறது. பயிற்சி கொடுக்கும் பெண் வாரத்தில் மூன்று நாள் வருகிறாள், தங்கமான பெண். எதிரே நின்று கையைத் தூக்கிக் காட்டி இதே போல் செய்யுங்கள் என்பாள், அப்பா அவளை வேடிக்கை பார்ப்பாரே தவிர கை அசையாது. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால், முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனைப் பந்து விளையாடச் சொல்கிறாளே என்று முனகுவார். அதைக் கேட்டுத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் எதிரே நாற்காலி போட்டு, பெரிய தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, துடைப்பக் கட்டையைக் கியராக நிறுத்திக்கொண்டு பஸ் ஓட்டினேன். சிரிக்காதே. எனக்குச் சைக்கிளே வராது, கட்டையைக் கண்டபடி இழுத்தேன். அவருடைய இடது கால், இத்தனை நாளும் இழுபட மட்டுமே தெரிந்த கால், தரையை ஓங்கி அமுக்கியது. "கிளச்ச மிதிக்காம கியர் போடுறியே, வண்டி என்னத்துக்கு ஆகும்" என்று அதட்டினார். கல்யாணமானதிலிருந்து அவரிடம் வாங்கிய திட்டிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். பழகின வேலையைக் கண்ணால் பார்த்தால் மூளை தானும் உள்ளுக்குள் செய்து பார்க்குமாம், பழகாததைப் பார்த்தால் சும்மா இருந்துவிடுமாம், அந்தப் பெண் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் நான் டிரைவர்.

ஆனால் மூளை அவருக்கு மட்டுமா இருக்கிறது. கட்டிலிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து கட்டிலுக்கும் நாளெல்லாம் அவரைத் தாங்கிக்கொண்டு, அவர் அடிக்கு என் அடியைச் சேர்த்து நடக்கிறேன். போன வாரம் மருந்துக்கடைக்காரி, உங்களுக்கும் வந்துவிட்டதா அக்கா என்று கேட்டாள். வாயைக் கழுவு என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கும்போது கடைக் கண்ணாடியில் பார்த்தேன், என் இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்கிறார். ஒருவரையே பார்த்துப் பார்த்து அந்த நடை படிந்துவிட்டதாம், வெளியே போய் நாலு பேர் நடப்பதைப் பார்க்க வேண்டுமாம். இவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கடைக்குப் போகும் பத்து நிமிஷத்துக்கே வெளியில் பூட்டிவிட்டுத்தான் ஓடுகிறேன். உள்ளே இருப்பது அவர்தான், சாவி என் கையில்தான், ஆனாலும் பூட்டு என் மேல் கிடப்பது போலத்தான் இருக்கிறது. நேராக நடக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து நடந்தால் நாலு அடி சரியாக வருகிறது, அவர் கூப்பிட்டதும் கால் மறுபடி இழுக்கிறது.

முந்தாநாள் அவர் சத்தமே போடாமல் சொன்னார், "உன்னப் பாத்துத்தான் நடக்கப் பழகுறேன். நீயும் என்ன மாதிரியே நடந்தா நான் யாரப் பாக்குறது?" சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார், இரண்டு பேருமாகச் சேர்ந்து கீழே போய்க்கொண்டிருக்கிறோம்.

வரட்டுமா என்று நீ மூன்று தடவை கேட்டாய், உன் வேலையைப் பார், இங்கே எல்லாம் நான் சமாளிப்பேன் என்றேன். அது வெறும் வீம்பு. வீடியோவில் நீ கூப்பிடும்போதெல்லாம் நான் உட்கார்ந்தே இருப்பதை இனிமேலாவது கவனித்துப் பார். நேரத்துக்குச் சாப்பிடு, நீ இங்கே வருவதைப் பற்றி மாப்பிள்ளையிடம் பதமாக எடுத்துச் சொல். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றை மறக்காதே, சமைக்கவோ எங்களைத் தாங்கிப் பிடிக்கவோ நீ வர வேண்டாம். பத்து நாள் லீவு போட்டு வந்து, இந்த இரண்டு அறைக்குள் எங்கள் கண் முன்னால் இங்கும் அங்கும் நடந்துகொண்டிரு, போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா