வேலம்மாளின் கடைசி ரீல்

19-7-1979, வியாழன்

புரொஜெக்டரில் எரிக்கும் கார்பன் குச்சி இன்றும் ஈரம். மேட்னியில் இரண்டு முறை வெளிச்சம் மங்கி, தரை டிக்கெட்காரர்கள் என் பரம்பரையையே விசாரித்துவிட்டார்கள். மேலூரில் இந்தத் தகரக் கொட்டகைக்கு ஆபரேட்டராக வந்து ஒன்பது வருடம். படம் ஒழுங்காக ஓடினால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருக்கிறது.

எங்கள் அய்யா அவனியாபுரம் போய்த் தங்கச்சியை ஆடிக்கு அழைத்து வந்துவிட்டார். தையில் கட்டிக் கொடுத்த பிள்ளை. "என்ன தங்கப்பொண்ணு, இம்புட்டு இளைச்சுட்ட?" என்று வாசலிலேயே கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். வந்ததும் வராததுமாக என்மேல் என்ன கோபம்?

22-7, ஞாயிறு

கோபம் இல்லை. அவளுக்கு இடது காது கேட்கவில்லை.

என் வீட்டுக்காரி அன்னக்கொடிதான் கண்டுபிடித்தாள். மாப்பிள்ளை உக்கிரபாண்டி அறைந்த அறையாம். எதற்கு அடித்தான் என்று அன்னக்கொடி கேட்டதற்கு, "எந்தத் தடவ, மதினி?" என்றாளாம்.

இன்று ஒரு ரீலைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். மாட்டாமல் என்ன செய்வேன்.

28-7, சனி

சாப்பிடும்போது அய்யா பேச்சை எடுத்தார். "ஆடி முடியவும் மாப்பிள்ள வந்து கூட்டிட்டுப் போகட்டும். கட்டிக் குடுத்து ஆறு மாசத்துல திரும்ப வந்துட்டாளேன்னு ஊரு சிரிக்கவா? போகப் போகச் சரியாப் போகும்." தங்கப்பொண்ணு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அய்யாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நான் தட்டில் கிடந்த மிளகாயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே ஒரு மிளகாய். எவ்வளவு நேரம்தான் ஒதுக்குவது?

3-8, வெள்ளி

பழைய படப் பெட்டி ஒன்று மதுரையிலிருந்து வந்தது. கறுப்பு வெள்ளை, பதினாலு ரீல். இப்படி ஒரு படத்தை நான் ஓட்டியதில்லை. கதாநாயகனுக்கு மொத்தமே நாலு சீன்தான். மற்றதெல்லாம் வேலம்மாள். புருஷன் விட்டுவிட்டு ஓடிப் போகிறான். அவள் எண்ணெய்ச் செக்கு போட்டு, ஊர் வாயை அடைத்து, பிள்ளையை வளர்க்கிறாள். கடைசி ரீலில் அவன் திரும்பி வருகிறான். சோறு போடுகிறாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்கிறாள். பிறகு அவன் செருப்பை எடுத்து முன்னால் வைத்து, "கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்கிறாள். அழுகை இல்லை, பாட்டு இல்லை, நேராகத் திரையில் 'வணக்கம்' எழுத்து.

ஆண்கள் பக்கம் விசிலும் வசவும். எவனோ மணலை அள்ளித் திரையில் வீசினான். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் மைதீன் பீவி மேலே ஏறி வந்து, "காளை, பொம்பளைக எந்திரிக்கவே மாட்டேங்குறாளுக. இன்னொருவாட்டி போடணுமாம்" என்றது. எனக்கும் போட்டுப் பார்க்க ஆசைதான்.

4-8, சனி

கொட்டகை முதலாளி காலையிலேயே வந்துவிட்டார். "பெரிய மனுசங்க நாலு பேரு வீட்டுக்கே வந்துட்டாங்கப்பா. குடும்பம் நடத்துற ஊருல இதென்ன படம்ங்குறாங்க. சோறு போடுறதோட முடிச்சிரு. வெட்டினதப் பத்திரமா வையி, பெட்டி போகையில ஒட்டிரலாம்."

வெட்டினேன். முந்நூறு அடிக்கு மேல் பிலிம் இருக்கும். சுருட்டி பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். வேலம்மாள் சோறு போடுகிறாள், வணக்கம். மேட்னியில் ஆம்பிளைகள் கைதட்டினார்கள்.

வேலைதானே? சொன்னதைச் செய்தேன்.

5-8, ஞாயிறு

அன்னக்கொடி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தங்கப்பொண்ணை மேட்னிக்குக் கூட்டி வந்திருக்கிறாள். மனசுக்கு ஆறுதலாக இருக்குமே என்றுதானாம். பெண்கள் பக்கம் தூணோரம் தங்கப்பொண்ணு தலை தெரிந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. டப்பா காலடியில்தான் இருந்தது. ஒட்ட ஐந்து நிமிஷம் போதும். ஒட்டவில்லை.

வீட்டுக்கு வந்தால் தங்கப்பொண்ணு டிரங்குப் பெட்டியை இறக்கிச் சேலைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். "ஆடி முடியவும் போறேண்ணே" என்றாள்.

6-8, திங்கள்

நான்தான் அனுப்புகிறேன். வேலம்மாளே சோறு போட்டுச் சேர்ந்துகொண்டாள் என்றால் இவள் என்ன நினைப்பாள்? பாவி, பாவி. அன்னக்கொடியிடம் சொன்னேன். இன்று எனக்குச் சோறு அவள் போடவில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

9-8, வியாழன்

படத்துக்குக் கடைசி நாள். காலையிலேயே போய்த் துண்டை ஒட்டிவிட்டேன். முதலாளியைக் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து, வலது பக்கமாக நின்று தங்கப்பொண்ணிடம் சொன்னேன்: "மேட்னிக்கு வா. நீ பாத்தது முழுசு இல்ல. கடைசியில நான் வெட்டிட்டேன்."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"சோத்தப் போட்டா, அவன் உக்காந்தான், படார்னு வணக்கம் போட்டுட்ட. சாப்ட்டவன் கைகூடக் கழுவல. அதுலயே தெரியாதாக்கும்?" சிரித்தாள். வந்த நாளிலிருந்து இன்றுதான் சிரிக்கிறாள். பிறகு சேலை நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "படத்தப் பாத்துட்டா பொட்டி கட்டினேன்? அன்னைக்கு அய்யா பேசையில ஒம் மொகத்தப் பாத்தேன். நீ மெளகாய ஒதுக்கிக்கிட்டு இருந்த. பெறகு நான் யாரு வீட்டுல இருக்க?"

படம் பார்க்க வரவில்லை. முழுசாகத்தான் ஓட்டினேன். முதலாளி கத்தினார். எதுவும் என் காதில் ஏறவில்லை.

12-8, ஞாயிறு

அய்யாவிடம் பேசப் போனேன். வெற்றிலை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

16-8, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவதாக உக்கிரபாண்டி ஆள் விட்டிருக்கிறான். ஞாயிறு மேட்னி, வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு. ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. அந்த நேரம் நான் வீட்டில் இருக்க மாட்டேன். நல்லதாகப் போயிற்று என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

19-8, ஞாயிறு

மேட்னிக்குப் போகவில்லை.

உக்கிரபாண்டி வெள்ளை வேட்டியும் பூப்பழமுமாக வந்தான். அய்யா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். இலை போட்டாயிற்று. டிரங்குப் பெட்டி கதவோரம் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொட்டகையிலிருந்து ஆள்: "காளையண்ணே, சனம் கத்துது, முதலாளி ஒடனே வரச் சொன்னாரு." "வரலன்னு சொல்லு" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

மாப்பிள்ளை முதல் கவளம் எடுத்தான். வேலம்மாள் மாதிரி நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். வந்ததோ கீச்சுக் குரல். "மாப்ள, எந் தங்கச்சிக்கு எடது காது கேக்கல. அதுக்கு ஒரு பதிலச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

அய்யா, "டேய்!" என்றார். "நீங்க சும்மா இருங்கய்யா. அவள நான் அனுப்பல. நான் இருக்குற வரைக்கும் அவ இங்கதான் இருப்பா."

உக்கிரபாண்டி எழுந்தான். "பொண்ணு வளத்த லட்சணம் தெரியுது" என்றான். எச்சில் கையோடு செருப்பைத் தேடினான். அப்போது தங்கப்பொண்ணு செம்பில் தண்ணீரோடு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"கையக் கழுவிட்டுப் போங்க" என்றாள். "பஸ்ஸு வர்றதுக்குள்ள எச்சி காஞ்சிரும்."

கழுவாமலே போனான். அவள் அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். அய்யா என்னோடு பேசவில்லை. எனக்கு வேலை போய்விட்டது.

24-8, வெள்ளி

வேறு ஆபரேட்டர் கிடைக்கவில்லையாம். முதலாளி ஆள் அனுப்பினார். போனேன்.

31-1-1980, வியாழன்

வேலம்மாள் பெட்டி மறுபடி வந்து இன்றோடு ஒரு வாரம். முடிவைப் பார்த்தவளும் பார்க்காதவளும் ஆறு மாசமாகக் குழாயடியில் சண்டை போட்டிருக்கிறார்கள். கூட்டம் வரும் என்று முதலாளிக்குப் பட்டுவிட்டது. வெட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ, நல்லவேளை சொல்லவில்லை.

மைதீன் பீவிக்கு முழங்கால் வலி. தீபாவளியிலிருந்து பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பது தங்கப்பொண்ணு. வலது பக்கம் நின்று பேச ஊருக்குப் பழகிவிட்டது. அய்யாவும் போன மாதத்திலிருந்து அந்தப் பக்கமாக வந்து நின்றுதான் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.

ஒரு வாரமும் வாசல் வேலையில் கடைசி ரீலை அவள் பார்க்கவில்லை. இன்று மேட்னியில்தான் கதவைச் சாத்திவிட்டு நின்று பார்த்தாள். முடிந்ததும் மேலே ஏறி வந்தாள்.

"சோறு போடுற எடத்துல படம் ஒரு குதி குதிக்குதுண்ணே."

"நான் ஒட்டின எடம்."

"ம்" என்றாள். "அவ செருப்ப எடுத்து வச்சதெல்லாம் சரி. கைகழுவத் தண்ணி குடுக்கல பாத்தியா?"

நாளைக் காலை பெட்டி மதுரைக்குப் போகிறது. பதினாலு ரீலும் எண்ணி வைத்துவிட்டேன். காலியாகக் கிடந்த பிஸ்கட் டப்பாவை அவள் கிழித்த டிக்கெட் துண்டு போட எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.