வெயிலுக்குப் பழகாத நாற்று

கண்ணாடிக் குடிலின் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. வெந்த மண்ணும் தக்காளி இலையும் கலந்த வாடை. உள்ளே வைக்கப்போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நீ விழுந்த இடம் அல்லவா! வெளியே டெல்லியின் மே மாத உச்சிவெயில். குன்னூரில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பினேன். இப்போது உள்ளே போய் இலை பறிக்க வேண்டும்.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். சூட்டில் செடி எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்பது நம் வேலை. செல்லுக்குள் ஒரு புரதம் கட்டுண்டு கிடக்கும்; சூடு ஏறினால் அவிழ்ந்து, உட்கருவுக்குள் ஓடி, செடியைக் காக்கிற மரபணுக்களை முடுக்கிவிடும். திருநெல்வேலிக்காரி நீ, "ஏட்டி, அது ஊரை எழுப்புத தலையாரிட்டீ" என்பாய். ஊர் எழுந்திருக்க நேரம் வேண்டுமே! அதனால் நாற்றுகளுக்கு முதலில் இளஞ்சூடு, பிறகு ஓய்வு, அப்புறம்தான் கொடுஞ்சூடு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டை மட்டும் நேரே கொடுஞ்சூட்டில் வைப்போம். அது துவண்டு செத்துப்போகும். "பாவம்லா" என்று ஒவ்வொரு முறையும் வருந்துவாய்.

நீ விழுந்த வருஷம் கொடைக்கானலில் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாய். வந்த மறுநாளே உச்சிவெயிலில் குடிலுக்குள் கிளம்பினாய்.

"கொஞ்சம் பொறுத்துப் போயேன்டி" என்றேன்.

"செடி காத்துக்கிட்டா கெடக்கும்? ஜல்தி வந்திருதேன்" என்று சிரித்தாய்.

"மேடம் கிர் கயீ!" என்று தோட்டக்காரர் அலறியது இன்னும் காதில் கேட்கிறது. நீ விழுந்துவிட்டாய் என்று ஓடிவந்தோம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்றுக்கெல்லாம் இளஞ்சூடு காட்டியவள், அடி பாவி, உன் உடம்பை மட்டும் நேரே கொடுஞ்சூட்டில் கொண்டுபோய் வைத்தாயே!

வாசலில் நின்றபடியே நம் ஆராய்ச்சி வழிகாட்டி சாருக்குப் போன் செய்தேன்.

"சார், நான் இன்னைக்கு உள்ள போகல. இந்த வாரம் காலையில மட்டும் கொஞ்சம் கொஞ்சமா போய்ப் பழகிக்கிறேன்."

"அச்சா... ஆனா இந்தத் தடவை வச்ச செடியெல்லாம் வீணாயிடுமேம்மா."

"வீணாப் போகட்டும் சார். எனக்குப் பயமா இருக்கு."

"சரி, வீட்டுக்குப் போம்மா" என்றார்.

குடிலின் கதவைச் சாத்தினேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம் ஒன்றுதான். இதில் பாதி அன்று உனக்கு இருந்திருந்தால், இந்நேரம் என் பக்கத்தில் நின்று என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்துகொண்டிருப்பாய்.