முப்பத்தெட்டில் ஏழு

ஜூலை 6

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்டால் "எனக்கென்ன, குண்டுக்கல் மாதிரி இருக்கேன்" என்பாய். அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு வருடமாக நான் கட்டிக்கொண்டு அழுத பாடத்திட்டத் தரநிலை ஒருவழியாக முடிந்தது. நூற்று நாற்பது பக்கம். எந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், பள்ளியை விட்டு வெளியே போகும்போது கல்லூரியானாலும் வேலையானாலும் தடுமாறாமல் நிற்க எது வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறோம். மாநிலம் முழுக்க ஒரே அளவு. பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஒன்று, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஒன்று என்று இனி கிடையாது. நாம் படித்த காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நீ கணக்கில் என்னைத் தோற்கடித்திருக்க மாட்டாய் என்று உன் அத்தான் கேலி செய்கிறார்.

இப்போது வெள்ளோட்டம். அறுபது பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கு ஒரு தேர்வு. விடைத்தாளை அந்தந்த ஆசிரியரே திருத்தி, எத்தனை பேர் "ஆயத்தம்" என்று எழுதி, தாள்களோடு சேர்த்து அனுப்ப வேண்டும். உன் பள்ளியும் பட்டியலில் இருக்கிறது. நான் சேர்க்கவில்லை, சீட்டுக் குலுக்கலில் வந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஊர் உலகம் என்ன எழுதும் என்று எனக்குத் தெரியும். நீ உள்ளதை உள்ளபடி எழுது. இதை வைத்து எந்தப் பள்ளியையும் எதுவும் செய்யப்போவதில்லை. எங்கே பலவீனம் என்று தெரிந்தால்தான் அங்கே உதவி அனுப்ப முடியும். ஒரு பள்ளியின் கணக்காவது நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பும்படி இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அக்கா

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நூற்று நாற்பது பக்கமா! எங்கள் பள்ளியில் தரநிலை ஏடு இரண்டு வந்தது. ஒன்று தலைமையாசிரியர் மேசையில் கண்ணாடிக்கு அடியில் படுத்திருக்கிறது. இன்னொன்று என்னிடம். படித்தேன். நன்றாக இருக்கிறது அக்கா, முகஸ்துதி இல்லை. விகிதம் பற்றிய பக்கத்தை நீதான் எழுதியிருப்பாய், உன் வாடை அடிக்கிறது.

தேர்வு நடந்தது. மூன்று பங்கு வெள்ளை, இரண்டு பங்கு நீலம் கலந்து நாற்பது லிட்டர் சாயம் வேண்டும், எது எவ்வளவு என்று ஒரு கேள்வி. என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று பிடுங்குவாள், கேள்விக்காரி என்றே எல்லோரும் கூப்பிடுகிறோம். அவள் வெள்ளை நாற்பத்து மூன்று, நீலம் நாற்பத்து இரண்டு என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "நாப்பதோட கூட்டினேன் டீச்சர். கூட்டும்போதே தப்புன்னு தோணிச்சு. ஆனா வேற வழி தெரியல. பக்கத்துல இருந்தவன் தாள் தெரிஞ்சுது, பார்க்கல" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று விடுவது காப்பியடிப்பதைவிட மேல் என்று நான்தான் ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறேன். தப்பு என்று தெரிந்தே தப்புப் போடுகிற பிள்ளையை உன் ஏட்டில் எந்தக் கட்டத்தில் போடுவது?

முப்பத்தெட்டுப் பேரில் ஏழு பேர்தான் ஆயத்தம். தலைமையாசிரியர் தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, பக்கத்துப் பள்ளிக்கூடத்துல முப்பது போட்டிருக்காங்க. நீங்க ஒரு இருபத்தஞ்சாவது போடுங்க, யாரு வந்து பார்க்கப் போறா?" என்றார். என் அக்கா பார்ப்பாள் என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஏழு என்று எழுதும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. பதினாறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த லட்சணம் இதுதானா என்று இருந்தது. நீ கேட்டதால் எழுதினேன்.

அத்தானை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

உன் தங்கை

ஆகஸ்ட் 18

அன்புத் தங்கைக்கு,

உன் விடைத்தாள்களைக் குழுவில் எல்லோர் முன்னாலும் விரித்து வைத்தேன். யாருடைய பள்ளி என்று சொல்லவில்லை. "இப்படித் திருத்தினால்தான் தரநிலைக்கு அர்த்தம்" என்று தலைவரே சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, போ.

மற்ற ஐம்பத்தொன்பது பள்ளியும் பாதிக்கு மேல் ஆயத்தமாம். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பலவீனமான பள்ளிகளுக்கென்று இருபது கூடுதல் ஆசிரியர்களுக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தேன். கேட்க ஆளில்லை. உன் பள்ளி ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. அடுத்த மாதம் வந்துவிடுவார். வெட்கப்படாதே. உண்மை எழுதியதற்கு உன் பிள்ளைகளுக்குக் கிடைத்த கூலி என்று வைத்துக்கொள்.

உன் அக்கா

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய புது டீச்சர் வந்தார். ஆள் பார்க்க ஊதினால் பறந்துவிடுவார், குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். காலையில் பள்ளி தொடங்குமுன் ஒரு மணி நேரம் பின்தங்கிய பிள்ளைகளை உட்கார வைத்துக்கொள்கிறார். ஆய்வுக்கூடத்தில் உடைந்த குடுவைகளில் சாயத் தண்ணீர் ஊற்றி விகிதம் நடத்தினார். கேள்விக்காரி மூன்று நாள் அவரை உயிரோடு தின்றாள். நாலாம் நாள் "ஓ, கூட்டறது இல்லையா, பங்கு போடறதா!" என்று கத்தினாளாம். இன்னும் தானாகப் போட வரவில்லை, பாதியில் திரும்பக் கூட்டப் போய்விடுகிறாள். ஆனால் வந்துவிடுவாள். இப்போது கணக்கெடுத்தால் பத்துப் பதினொன்று தேறும்.

உனக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவாய். ஆனாலும் சொல்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை

டிசம்பர் 4

அக்கா,

நேற்று வந்த சுற்றறிக்கையை நீ பார்த்திருப்பாய். உன் அலுவலகத்து முத்திரைதான். வெள்ளோட்டத்தில் பாதிப் பேர்கூட ஆயத்தமாகாத பள்ளிகளில் அடுத்த ஆண்டு முதல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு கிடையாது; அதற்குப் பதில் வேலைத்திறன் பிரிவு. இங்கே என்ன வேலைத்திறன் தெரியுமா? பொட்டலம் கட்டுதல். ஊர்க்கோடியில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறதல்லவா, அவர்களே ஆள் வைத்துச் சொல்லித்தருவார்களாம்.

பாதிக்குக் கீழே எழுதிய பள்ளி எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபதில் ஒன்று.

கேள்விக்காரியின் அப்பா அந்தத் தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிறார். இன்று வாசலில் வந்து நின்றார். "மேல்வகுப்பு இல்லேன்னா அவளையும் பெட்டி மடிக்க அனுப்பிடறேன் டீச்சர். தினம் ரெண்டு பஸ் ஏத்தி வேற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப என்னால ஆகாது. எப்படியும் அங்கதானே போகப்போறா" என்றார். அவள் பின்னால் நின்று செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைமையாசிரியர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது.

எதுவும் செய்யப்போவதில்லை என்று எழுதினாயே அக்கா. அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துப் படித்தேன். உன் கையெழுத்துதான்.

மற்ற பள்ளிகள் பொய் எழுதின என்று உனக்குத் தெரியும். போய்ச் சொல்.

உன் தங்கை

டிசம்பர் 15

அன்புத் தங்கைக்கு,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

அந்த முடிவு எடுத்தபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். மறைக்க விரும்பவில்லை. நிதித்துறையிலிருந்து வந்தவர் பட்டியலைப் புரட்டிவிட்டு, ஒரே ஒரு பள்ளிதான் மோசம், அங்கே மேல்வகுப்பு எதற்கு என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வாய் திறக்க நினைத்தேன். மற்றதெல்லாம் பொய் என்று சொன்னால் வெள்ளோட்டமே பொய்யாகும். தரநிலையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார்கள். மாநிலம் முழுக்க எத்தனை பிள்ளைகளுக்காகச் செய்தது! ஒரு பள்ளிக்காக அதை எப்படிப் பலி கொடுப்பேன் என்று நினைத்தேன். அது என் தங்கையின் பள்ளி என்று சொன்னால் வேண்டியவர்களுக்குப் பேசுகிறாள் என்பார்கள் என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்ததில் கூட்டம் முடிந்துவிட்டது.

ஒன்று மட்டும் போராடி வாங்கியிருக்கிறேன். ஜனவரி கடைசியில் உன் பள்ளிக்கு மறு கணக்கெடுப்பு. பாதி தேறினால் மேல்வகுப்பு இருக்கும். பத்தொன்பது பேர் போதும். புது டீச்சரும் இருக்கிறார், உன்னால் முடியும்.

என்னை வெறுத்துவிடாதே.

அக்கா

ஜனவரி 12

அக்கா,

சப்பைக்கட்டு கட்டாமல் எழுதியதற்கு நன்றி. அதற்கு மட்டும்தான்.

ஒரு மாதமாகப் பிள்ளைகளும் நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தோம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். விடுமுறை நாளிலும் வந்தார்கள். யாரும் அடித்து வரவழைக்கவில்லை. புது டீச்சருக்கு அந்தக் குரல் கட்டியே போய்விட்டது. நேற்று நாங்களே ஒரு தேர்வு வைத்துப் பார்த்தோம். பதினைந்து பேர். ஏழிலிருந்து பதினைந்து. வேறு எந்த வருடமாக இருந்தாலும் பள்ளிக்கே மாலை போட்டிருப்பார்கள்.

நாலு பேர் குறைகிறது. கேள்விக்காரி அந்தப் பதினைந்தில் இல்லை. இன்னும் ஒரு வருடம் கொடு, அத்தனை பேரையும் கரையேற்றுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், முடியும். ஒரு வருடம் தள்ளிப் போடச் சொல்லிக் கேள். எனக்காக நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் தங்கை

ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

கேட்டேன். முடியாது என்றுவிட்டார்கள்.

இனி எழுதுவதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. இந்தத் தடவை விடைத்தாளை அனுப்ப வேண்டியதில்லை, எண்ணிக்கை மட்டும் போதும் என்று மாற்றியிருக்கிறேன். சரிபார்க்க யாரும் வரமாட்டார்கள், பொறுப்பு என்னுடையது. பத்தொன்பது, இருபது என்று எழுதாதே, கோட்டில் வந்து நின்றால் சந்தேகம் வரும். முப்பதுக்கு மேல் எழுது.

உள்ளதை உள்ளபடி எழுது என்று சொன்ன அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன். எப்படி எழுதுகிறேன் என்று என்னைக் கேட்காதே. பிள்ளைகளை நினைத்துக்கொள்.

அக்கா

மார்ச் 3

அக்கா,

முப்பத்தொன்று என்று எழுதி அனுப்பினேன். நீ ஒப்புதல் அளித்த கடிதமும் வந்தது. "தங்கள் பள்ளியின் முன்னேற்றம் பாராட்டத்தக்கது" என்று கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மேல்வகுப்பு இருக்கிறது. தலைமையாசிரியர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஆசிரியர் அறையில் பழையபடி என்னோடு பேசுகிறார்கள். கேள்விக்காரியின் அப்பா வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

போன வாரம் புது டீச்சரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பலவீனமான பள்ளிக்குத்தான் கூடுதல் ஆசிரியராம், நாங்கள் இப்போது பலவீனமான பள்ளி இல்லையாம். உத்தரவில் நம்முடைய முப்பத்தொன்றைத்தான் காரணம் காட்டியிருக்கிறது. "இன்னும் ஆறு மாசம் இருந்தா போதும் மேடம், எல்லாம் வந்துடும்" என்று அந்தப் பெண் என் முன்னால் அழுதாள். இரண்டு வருடம் கழித்து இந்தப் பிள்ளைகள் வெளியிலிருந்து வருகிறவர் முன்னால் பன்னிரண்டாம் வகுப்புக் கடைசித் தேர்வு எழுத வேண்டும். அங்கே யாரும் முப்பத்தொன்று போட்டுத் தரமாட்டார்கள். தோற்றால் கல்லூரியும் இல்லை, வேலைத்திறன் சான்றிதழும் இல்லை. அவர்கள் ஆயத்தம் என்று நீயும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இனி யாரிடம் போய் உதவி கேட்பேன்?

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன், பயப்படாதே. நீ நல்லவள் அக்கா. நீ நல்லது நினைத்துத்தான் எல்லாவற்றையும் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் மேல் கோபப்படக்கூட வழி இல்லாமல் இருக்கிறது. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

ஆயத்தமான முப்பத்தொரு பேரின் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொல்லி உத்தரவு. ஒட்டினோம். முந்தாநாள் மூன்றாவது பாடவேளையில் கேள்விக்காரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், பட்டியல்ல என் பேரு இருக்கு."

"ஆமா, அதுக்கென்ன?"

"எனக்கு இன்னும் அந்தக் கணக்கு வரலையே டீச்சர். நீங்கதானே திருத்தினீங்க?"

வகுப்பே என்னைப் பார்த்தது. மணி அடித்துவிட்டது, எல்லோரும் வெளியே போங்கள் என்றேன். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவளுக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படிக்கு,
தங்கை