இந்த வருஷப் படையல்ல போத்தல் இல்லை

சாப்பிட்டீங்களான்னு கேட்க முடியாத தூரத்துல இருக்கிற என் வீட்டுக்காரருக்கு,

என்னங்க, நம்ம முருகேசுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. காய்ச்சலும் விட்டுவிட்டு வருது. கந்தப்பளை டவுன்ல நாள் முழுக்க ஆட்டோ ஓட்டுற புள்ள, இப்ப நம்ம தோட்டத்து லயத்து வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்குறான். சளி டெஸ்டுக்குக் குடுத்திருக்கோம், நாளைக்கு முடிவு வரும்.

"தினமும் குடிக்கிறீங்களா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. உங்க மகன் கூரையைப் பார்த்தான். "குளிருக்குக் கொஞ்சம்..."னு இழுத்தான். அப்படியே உங்க பேச்சு!

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி உங்க கால்ல பட்டுச்சே, ஞாபகமிருக்கா? புண்ணுல கொஞ்சம் சாராயத்தை ஊத்திட்டு, மிச்சத்தை வாயில ஊத்துனீங்க. "உள்ளயும் வெளியவும் கிருமி செத்துரும்டி"ன்னு சிரிச்சீங்க. பாவி மனுஷா, அந்தச் சின்னப் புண்ணு ஆறவே இல்லையே. அதுலயிருந்து ரத்தத்துல விஷம் ஏறித்தானே உங்களைப் பறிகுடுத்தேன்?

டாக்டரம்மா இப்பதான் வெளங்கப்படுத்துனாங்க. கிருமி வந்தா எதுத்து நிக்கிற சக்தி நம்ம ரத்தத்துலயே இருக்காம். தினமும் இப்படிக் குடிச்சா அது சோர்ந்து போயிருமாம். ஈரல் மட்டும்தான் கெடும்னு நான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். சளி நெஞ்சுல எறங்குறதும், புண்ணு ஆறாததும் அதாலயும் வருமாம். இப்ப நிறுத்துனாக்கூட உடம்பு தேறலாம்னாங்க. அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.

அடுத்த வாரம் உங்க வருஷப் படையல். கறி, சுருட்டு, சாராயப் போத்தல் எல்லாம் வைக்கணும்னு உங்க தம்பி ஒத்தக்கால்ல நிக்கிறாரு. "வைக்கலேன்னா அண்ணன் ஆத்மா தவிக்கும் மதினி. புள்ளைக்கு முடியாத நேரத்துல வெளையாடாதீங்க"ங்கிறாரு. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா கும்பிட்டு முடிஞ்சதும் அந்தப் போத்தலை யாரு காலி பண்றா? போன வருஷம் உங்க படத்துக்கு முன்னாலயே உக்காந்து முருகேசுதானே முடிச்சான்? கேட்டதுக்கு, "அப்பா குடுத்தது"ன்னான்.

இந்தத் தடவை உங்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீதான், சீனி தூக்கலா. போத்தல் வைக்க மாட்டேன், இது சத்தியம். கோபம் வந்தா என் கனவுல வந்து எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க, கேட்டுக்கிறேன். புள்ளையை மட்டும் கூப்பிட்டுறாதீங்க.

உங்க பொஞ்சாதி,
முருகேசோட அம்மா