ரங்கம் கடைச் சாமான்

கூடுவாஞ்சேரி
4 ஜூன் 2024

அன்புள்ள ரங்கம்,

நலமா? முழங்கால் வலி தேவலையா? கடையில் ஸ்டூல் போட்டு உட்கார் என்று போன தடவையே எழுதினேன், கேட்டிருக்க மாட்டாய்.

ஞானஜோதிக்கு மூச்சு முன்னைவிட மோசம். இனி இருபத்துநாலு மணி நேரமும் ஆக்ஸிஜன் மெஷினில்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் வாடகைக்கு வந்து கட்டில் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது, இருந்தாலும் அதை இழுக்காது. கரண்டு போனால் உடனே எழுந்து குழாயை சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். கரண்டு போனதும் மெஷின் கூவும். ஆனால் என் காது உனக்குத் தெரியும். காது மெஷின் மாட்டியிருந்தால் பக்கத்தில் பேசுவது கேட்கும், கழற்றிவிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது. அவளுக்கோ கை நீட்டி என்னைத் தட்டக்கூடத் தெம்பில்லை.

அதனால் ஒரு அலாரம் செய்யப் போகிறேன். கரண்டு இருக்கும்வரை ரிலே சுவிட்ச் பிடித்திருக்கும். போனதும் விட்டுவிடும். விட்ட உடனே பேட்டரியிலிருந்து ஒரு மோட்டார் ஓடி என் கட்டிலை உலுக்கும். திருமுடிவாக்கம் கம்பெனியில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்டெபிலைசருக்குச் செய்ததுதான், புதிதாக ஒன்றுமில்லை. லிஸ்ட் பின்பக்கத்தில். ரிலே மட்டும் நல்லதாகப் பார்த்துக் கொடு.

முடிச்சூரிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருந்த மகள் ஜெரூஷா, "அப்பா, இதெல்லாம் ஆன்லைன்ல ரெடிமேடா இருக்கு. ரெண்டு நாள்ல வீட்டுக்கே வந்துடும்" என்றாள். "ரங்கம் கடை இருக்கறப்ப அதெல்லாம் எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

ஞானஜோதியை விட்டு நகர முடியவில்லை, இல்லாவிட்டால் ரயிலேறி நானே தாம்பரம் வந்திருப்பேன். கூரியரில் அனுப்பு.

உன்
ஏசுதாசன்


மேற்கு தாம்பரம்
7 ஜூன் 2024

அன்பு ஏசுதாசா,

கடிதம் கண்டேன். தங்கச்சியின் நிலையைப் படித்து மனசு கேட்கவில்லை. லிஸ்டில் உள்ளது எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. மோட்டார் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று என் கணக்கில்.

நீ மகளிடம் சொன்னதை நாலு தடவை படித்தேன். இந்தக் காலத்தில் இப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நேற்று ஒரு காலேஜ் பையன் வந்தான். ஐந்து சாமானைக் கேட்டு, கையில் எடுத்துப் புரட்டி, போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ணா, ஆன்லைன்ல பாதி ரேட்டுக்கு கீது" என்று சொல்லிவிட்டே போனான். முன்பெல்லாம் இதை மறைக்கவாவது செய்வார்கள். இடது பக்கம் டி.வி. ரிப்பேர் கடை மூடி பிரியாணிக் கடை வந்துவிட்டது. இங்கே வரிசையில் நான் ஒருவன்தான் மிச்சம். சில நாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் மாலையில் இறக்குகிறவரை ரெசிஸ்டர் ஒன்றுகூட நகர்வதில்லை.

அலாரம் ஓடியதும் எழுது. தங்கச்சிக்கு என் அன்பு.

பொன்னுரங்கம்


கூடுவாஞ்சேரி
19 ஜூன் 2024

அன்புள்ள ரங்கம்,

ஓடுகிறது! மெயினை நானே அணைத்துப் பன்னிரண்டு தடவை சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் கட்டில் குதிரை மாதிரி உதறியது. ஞானஜோதி மூக்கில் குழாயோடு சிரித்தாள். "ரங்கம் அண்ணன் அனுப்புனதா? அதான் இப்படி ஆட்டுது" என்றாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா.

போன வெள்ளிக்கிழமை நிஜமாகவே கரண்டு போனது. ஒரு நிமிஷத்துக்குள் சிலிண்டருக்கு மாற்றிவிட்டேன். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவள் கொஞ்சம் தேறட்டும், ஒரு ஞாயிறு வீட்டுக்கு வா.

ஏசுதாசன்


கூடுவாஞ்சேரி
2 செப்டம்பர் 2024

அன்புள்ள ரங்கம்,

ஞானஜோதியின் அடக்கத்தன்று நீ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என்ன நடந்தது என்று உனக்காவது சொல்ல வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியம் கஞ்சி கொடுத்து, வாய் துடைத்து, இரண்டு மணிக்குப் படுத்தேன். அரை மணி நேரம் கண்ணை மூடலாம் என்றுதான் காது மெஷினைக் கழற்றி வைத்தேன். விழித்தபோது மின்விசிறி நின்றிருந்தது. சட்டையெல்லாம் வேர்வை. கட்டில் அசையவே இல்லை ரங்கம். திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கட்டில் விளிம்புவரை வந்திருந்தது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ. ஒன்றே முக்கால் மணி நேரம் கரண்டு இல்லை என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

வயருக்கு ஈயம் வைத்து ஒட்டியதில் எங்கோ தப்புச் செய்திருக்கிறேன். வேறென்ன இருக்க முடியும்? அத்தனை தடவை ஓடியது அன்று ஓடவில்லை என்றால் என் கைதான் காரணம். கோர்ட்டில் நிற்கிற மாதிரி தினமும் அந்த அலாரம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஏசுதாசன்


மேற்கு தாம்பரம்
9 செப்டம்பர் 2024

அன்பு ஏசுதாசா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன்.

உன்னை நீயே வதைத்துக்கொள்ளாதே. தங்கச்சிக்கு விதித்த நாள் அவ்வளவுதான். ஈயம் வைப்பதில் தப்பு யாருக்கும் வரும். நமக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது, கை லேசாக நடுங்கும், கண் சரியாகத் தெரியாது. நீ வேண்டுமென்றா செய்தாய்? மனசு சுத்தமாக இருந்தது, அது போதும். அந்தப் பெட்டியைத் திறக்காதே. அப்படியே தூக்கிக் குப்பையில் போடு. பார்க்கப் பார்க்க வேதனைதான்.

உனக்கு நான் இருக்கிறேன்.

பொன்னுரங்கம்


கூடுவாஞ்சேரி
20 அக்டோபர் 2024

அன்புள்ள ரங்கம்,

ஜெரூஷா என்னோடு பேசுவதில்லை. நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தவள், எல்லோரும் போனபின் என் காதருகே வந்து சொன்னாள்: "ரெண்டு நாள்ல வந்திருக்கும்பா. உங்க கைவேலை பைத்தியத்துக்கு அம்மாவைக் கொடுத்துட்டீங்க." கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்கும்படி எவ்வளவு பக்கத்தில் வந்து சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பேத்தியை இப்போது என்னிடம் விட்டுப்போவதில்லை. "தாத்தா தூங்கிடுவாரு" என்று குழந்தையிடமே சொல்கிறாளாம்.

என் சால்டரிங் அயர்ன், மீட்டர், ஸ்பேனர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு உனக்கு அனுப்பியிருக்கிறேன். இனி நான் எதையும் தொடப் போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நன்றாக யோசித்துப் பதில் எழுது. நீ அனுப்பிய சாமானில் ஏதாவது பழுது இருந்திருக்க வாய்ப்பு உண்டா? உன்மேல் பழி போடக் கேட்கவில்லை. உண்டு என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் நான் அவளிடம் போய்ச் சொல்லலாம். என்ன இருந்தாலும் உன்னிடமிருந்து கேட்டுவிட்டால் போதும்.

ஏசுதாசன்


மேற்கு தாம்பரம்
28 அக்டோபர் 2024

அன்பு ஏசுதாசா,

உன் கருவிகள் பத்திரமாக வந்துசேர்ந்தன. எப்போது கேட்டாலும் திருப்பித் தருவேன்.

சாமானில் ஒன்றும் இருக்காது. எல்லாம் சீல் உடைக்காத புதுச் சரக்கு, என் கையால் எடுத்து வைத்தது. நாற்பது வருஷப் பழக்கத்தில் உனக்குப் பழுதைக் கொடுப்பேனா? போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஜெரூஷா சின்னப் பெண், அம்மா போன துக்கம், நாளாக ஆகச் சரியாகிவிடுவாள்.

தீபாவளிக்கு இங்கே வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போயேன்.

பொன்னுரங்கம்


மேற்கு தாம்பரம்
3 பிப்ரவரி 2025

ஏசுதாசா,

கடையை மூடிவிட்டேன். ஜனவரி முப்பத்தொன்றோடு முடிந்தது. மொபைல் கவர் விற்கிறவர் எடுத்துக்கொண்டார். மிச்சச் சரக்கைக் காயலான் கடைக்காரர் வந்து கோணியில் வாரிப் போட்டார். "இன்னா பெரியவரே, ஒண்ணொண்ணா எண்ணிக்கினு நிக்கிறே? எல்லாம் எடைதான்" என்றார். நான் எண்ணவில்லை, ஒரு அட்டைப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் மார்ச்சிலிருந்து இதே காயலான் கடையில் பழைய ஸ்டெபிலைசர் போர்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கினேன். அதிலிருந்து ரிலேக்களைப் பிடுங்கி, தின்னரில் துடைத்து, புதுக் கவரில் போட்டு சீல் வைத்து, அந்த அட்டைப்பெட்டியில் அடுக்கி விற்றேன். மொத்தக் கடையில் புதுசு எடுக்கக் கட்டுப்படி ஆகவில்லை. காலேஜ் பையன்கள் மார்க் வாங்கியதும் தூக்கிப்போடுகிற புராஜெக்டுக்குத்தானே என்று ஆரம்பித்தேன்.

உன் லிஸ்ட் வந்த அன்று கடையில் புது ரிலே ஒன்றுகூட இல்லை. எதற்கு என்று நீ எழுதியிருந்தாய். படித்துவிட்டுத்தான் அந்தப் பழைய ரிலேயை எடுத்து வைத்தேன். இல்லை என்று எழுதியிருந்தால் மகள் சொன்ன ஆன்லைனுக்கே போயிருப்பாய். கடைசியாக என் கடை வேண்டும் என்று சொன்ன ஆள் நீ. உன்னையும் இழக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் புதுசு வாங்கி மாற்றிக் கொடுக்கலாம் என்று இருந்தேன். ஓடுகிறது என்று நீ எழுதினாய். விட்டுவிட்டேன்.

அக்டோபரில் கேட்டபோதும் பொய் எழுதினேன். வெளியே தெரிந்தால் கடைக்கு யாரும் வர மாட்டார்கள் என்ற பயம். உன் கருவிப் பெட்டி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கவே முடியவில்லை.

இந்தக் கடிதத்தை ஜெரூஷாவிடம் காட்டு. என்னை என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது, ஏசுதாசா.

பொன்னுரங்கம்


கூடுவாஞ்சேரி
16 பிப்ரவரி 2025

பொன்னுரங்கம்,

கடிதம் கிடைத்தது.

செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும். குப்பையில் போடு, திறக்காதே என்று நீ எழுதினாய் அல்லவா, அந்தக் கடிதம் வந்த அன்றுதான் திறந்தேன். ஈயம் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ரிலேயின் மூடியைப் பிளேடால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே கரி. பத்து வருஷம் ஓடித் தேய்ந்த ரிலே. அதன் கம்பிக்காலில் பழைய ஈயம் ஒட்டியிருந்ததை ஜூன் மாதம் மாட்டும்போதே பார்த்திருந்தேன். வேறு எவன் கொடுத்திருந்தாலும் திறந்து சோதித்திருப்பேன். ரங்கம் கடைச் சாமான் என்று மாட்டிவிட்டேன்.

அக்டோபரில் உன்னைக் கேட்டது தெரியாமல் கேட்டதல்ல. நீ சொல்வாய் என்று கேட்டேன். அன்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது, ரயிலேறி வந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாலும் அழுதிருப்பேன். நீ என் கை நடுங்குகிறது என்று எழுதினாய். ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தவன் நீ. கடை இருந்தவரை சொல்லவில்லை. இழக்க ஒன்றுமில்லை என்று ஆனபின் சொல்கிறாய்.

நீ சொன்னபடி ஜெரூஷாவிடம் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள். இனியாவது அப்பா என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன். உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதி என்னிடம் நீட்டினாள்: "அந்தக் கடைதான் வேணும்னு நின்னது யாரு?" பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஞாயிறுதோறும் சபையில் எல்லோரும் எழுந்து நின்று பரமண்டல ஜெபம் சொல்கிறோம். இன்று காலையும் சொன்னோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன், அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். பக்கத்தில் நிற்பவர் எனக்குக் காது கேட்காமல் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டு, என் பக்கமாகக் குனிந்து, அந்த வரியை மட்டும் உரக்கச் சொல்கிறார். நன்றாகவே கேட்கிறது.

இனி எழுதாதே.

ஏசுதாசன்