சரிவின் அடியில் கூடாரம்

மதுரை
28.11.1978

அன்பு மகன் இளவழுதிக்கு,

இங்கு நானும் உன் தாய் அன்னக்கொடியும் நலம். நீயும் நலமென்று எழுதியிருக்கிறாய், அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. இமயத்தில் சாலைப் பணிக்கு மேற்பார்வையாளனாய்ப் போனவன் நீ. இவ்வாண்டு பனி முன்னதாகவே விழுந்துவிட்டது, இறுகிய பழம்பனியின்மேல் புதுப்பனி முழங்காலளவு கிடக்கிறது, கால் வைத்தால் அடியில் பொத்தென்று அமுங்குகிறது, எதிர்மலையில் ஒரு சரிவு பெயர்ந்தே விழுந்துவிட்டது, எங்கள் கூடாரமும் அப்படியொரு சரிவின் அடியில்தான் என்றெல்லாம் எழுதிவிட்டு, சனவரிக்குமுன் இடரில்லை என்று பொறியாளர் சொல்வதால் பணிவு கருதிப் பேசாமலிருக்கிறேன் என்று முடித்திருக்கிறாயே, நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிகிறது.

முதலில் எரியவில்லை என்பதையும் மறைக்கமாட்டேன். பனி என்றதும் உன் தாய், தலையில் துண்டு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள், நானும் தலையாட்டினேன். பழங்காநத்தம் கூட்டத்தில் என் மகன் பனியோடு போரிடுகிறான் என்று முழங்கியபோது பால்காரன் விருமாண்டி எழுந்து, "அண்ணே, நாங்களும் அம்புட்டுப் பனியிலதான் மாடு கறக்கோம், எங்களுக்கும் ஒரு மாலை போடுங்க" என்றான், கூட்டத்தோடு நானும் சிரித்தேன். தமிழில் இல்லாத சொல்லா என்று மேடைதோறும் கேட்பவன், புல்நுனியில் நிற்பதற்கும் ஆளைப் புதைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஏமாந்தேன். மலைப்படையில் இருந்து வந்த மேலூர் வெள்ளைத்துரை நேற்று உன் மடலைப் படித்து, "மச்சான், இது கொட்டுற பனியில்ல, மலையே சரிஞ்சு வாரது, பயலை எந்திரிச்சு ஓடச் சொல்லுங்க" என்று கத்திய பிறகே எனக்கு உறைத்தது.

என் மடமைக்கு நான் வெட்கப்படுகிறேன், உன் வாய்க்கு என்ன வந்தது? ஆலை முதலாளியையும் அமைச்சரையும் பெயர் சொல்லிக் கேட்டவன் மகனுக்கு, ஐயா, இடம் மாற்றுவோம் என்று சொல்ல நா எழவில்லையா? எனக்கு எழுதிய வரிகளைப் பொறியாளர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கவேண்டாமா? பதினெட்டுத் தொழிலாளர் உன்னை நம்பி அங்கே உறங்குகிறார்கள், உன் பணிவு அவர்கள் தலைமேல் விழும். உடனே இடம் மாறு என்று காலையிலேயே தந்தி அடித்துவிட்டேன். வெயில் ஏறுமுன் ஆட்களை இடைவெளி விட்டு நடத்திச் சரிவுக்கு அப்பால் கொண்டுபோ. அதற்காக வேலையை விட்டு நீக்கினால் நீக்கட்டும், வீட்டில் உனக்குச் சோறு உண்டு.

நீயும் உன்னோடு இருப்போரும் நெடிது வாழ்க என வாழ்த்துகிறோம். மறவாதே, "மாறினோம்" என்று ஒரு சொல் தந்தி அடி. தமிழெழுத்து ஏறாத தந்தியைத் தொடமாட்டேன் என்று அஞ்சலகத்தில் சண்டையிட்டவன்தான் சொல்கிறேன், எந்த எழுத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

நாளும் அஞ்சலக வாயிலில் நிற்கும்
உன் தந்தை,
உக்கிரபாண்டி