இவோனியின் முதுகும் என் மொட்டை மாடியும்

ரியலெங்கோ, ரியோ
ஏப்ரல் மாசம், ஞாயித்துக்கிழமை மத்தியானம்

என் தங்கம் தைனாராவுக்கு,

அம்மா மார்லூசியா எழுதுறது. அபரெசிதா மாதா புண்ணியத்துல நானும் உன் தம்பி வெஸ்லியும் இங்கே நல்லா இருக்கோம், அந்த அயர்லாந்து மழையில நீயும் சளி காய்ச்சல் இல்லாம நல்லா இருக்கணும்னு தினமும் அவகிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். கையில போன் இருக்கும்போது அம்மா எதுக்குப் பேனாவை எடுத்தான்னு யோசிக்காதே. பேக்கரிக்காரர் மருமக செவ்வாக்கிழமை உங்க ஊர்ப்பக்கம்தான் கிளம்புறா, அவகிட்ட காப்பித்தூளும் கொய்யாப்பழ அல்வாவும் கொடுத்தனுப்புறேன், அதோட இதையும் வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன். போன்ல ஆரம்பிச்சா நீ நடுவுல பேசுவ, நான் அழுவேன், ரெண்டு பேரும் விஷயத்துக்கே வரமாட்டோம். இது நீ முழுசாக் கேக்க வேண்டிய விஷயம்.

போன ஆகஸ்டுல நீ லீவுக்கு வந்தப்ப நம்ம போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது. நிறம் ஏத்திக்க மாடி நிறையப் பொம்பளைங்க வெயில்ல படுத்திருந்தாங்க, உரிச்சதும் வெளுப்பாக் கோடு நிக்கணுமேன்னு நான் ஒருத்திக்குக் கறுப்பு டேப்பை பிகினி மாதிரி அளவா ஒட்டிக்கிட்டு இருந்தேன், இன்னொருத்திக்கு எண்ணெய் தடவிட்டு ஹோஸ் பைப்பால தண்ணி தெளிக்கணும், அந்த நேரம் பார்த்து நீ காப்பித் தட்டோட மேல வந்து, "அம்மா, நீ இவங்களை அழகாக்கல, வறுக்கிற"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்ன. எனக்கு வந்துச்சே கோவம். இந்த வறுவல்லதான்டி உன் விமான டிக்கெட்டு வந்துச்சுன்னு நானும் கத்தினேன். நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துல ஒரு விவசாயித் தாத்தாவைக் குளிப்பாட்டுறதையும், வெயில் பட்டுப் பட்டுப் புத்துநோய் வந்து அவருக்குப் பாதிக் காதை வெட்டி எடுத்துட்டதையும் சொன்ன. அந்த ஆளு பால் மாதிரி வெளுப்பு, நாமெல்லாம் வெயிலுக்குச் சொந்தக்காரங்கன்னு நான் சொன்னேன், பொம்பளைங்க எல்லாம் கைதட்டினாங்க, நீ இறங்கிப் போயிட்ட. அப்புறம் ஏர்போர்ட்ல பையைத் தூக்கிக்கிட்டு உள்ளே போறதுக்கு முன்னாடி, "சரிம்மா, கடையை மூடச் சொல்லல. டேப்பு ஒட்டும்போது அவங்க முதுகையாவது நல்லாப் பாரு. அவங்க முதுகை அவங்களால பார்க்க முடியாது, நீ ஒருத்திதான் வாராவாரம் பார்க்கிற"ன்னு சொன்ன. நான் திரும்பி நடந்து வெஸ்லியோட பைக்குல ஏறிட்டேன். ஆனா பாரு, நீ சொன்னது கண்ணுல ஒட்டிக்கிச்சு. வேணாம்னாலும் பார்வை மச்சத்து மேலதான் போய் நிக்குது. யாருக்கு எங்கே எது இருக்குன்னு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

இவோனியை உனக்குத் தெரியும், ஸ்கூல்ல சமையல் செய்யுறாளே, புருஷன் போனதுலேர்ந்து தனியா இருக்கிறவ, சனிக்கிழமை தவறாம முதல் ஆளா வந்து தண்ணித் தொட்டிப் பக்கத்து இடத்தைப் பிடிச்சுக்குவாளே, அவதான். அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை அவளுக்கு டேப்பு ஒட்டுறேன், இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம். போன கோடையில அது மிளகு மாதிரி உருண்டையா, அமைதியா இருக்கும், டேப்பு ஓரத்துக்குள்ள அடங்கிடும். கொஞ்சம் கொஞ்சமா வளந்து இப்ப டேப்பைத் தாண்டி வெளியே நிக்குது, ஒரு பக்கம் காகிதத்துல மை சிந்தின மாதிரி ஊறி ஓடியிருக்கு, நடுவுல கறுப்பு, ஓரத்துல ஒரு மாதிரி செம்பட்டை. குனிஞ்சு அவ காதுகிட்ட, இந்த மச்சத்தை டாக்டர்கிட்ட காட்டுடின்னு சொன்னேன். ரேடியோச் சத்தத்துல அவளுக்குக் கேக்கல. சத்தமா ரெண்டாவது தடவை சொன்னேன் பாரு, அந்த நேரம்னு பாட்டு முடிஞ்சுபோச்சு, மாடி முழுக்கக் கேட்டுடுச்சு. அவ எழுந்து உக்காந்தா. "ஏன், ஒரு மைக்கு வாங்கித் தரட்டுமா? இவோனிக்கு வியாதின்னு ஸ்டேஷன் வரைக்கும் சொல்லேன்!"ன்னு கத்திட்டு, ஒட்டின டேப்பைப் பரபரன்னு உரிச்சு எறிஞ்சுட்டு, எண்ணெய் உடம்பு மேலயே கவுனை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அடுத்த வாரம் ரெண்டு தெரு தள்ளி சூயெலென் மாடியில படுத்திருக்கான்னு செய்தி வந்துச்சு. சூயெலென் என் தொழிலைப் பார்த்துப் பார்த்து ஆரம்பிச்சவ, அவளுக்கு இது பண்டிகை. மார்லூசியா மாடிக்குப் போனா புத்துநோய் வருமாம்னு தெருவுல ஒரு பேச்சு கிளம்பி, எனக்கு ஆளும் குறைஞ்சுது. அப்ப நான் திட்டினது இவோனியை இல்ல, உன்னைத்தான். இவ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு ப்ளேன் ஏறிட்டா, நான்தானே இங்கே கிடந்து அனுபவிக்கிறேன்னு பாத்திரம் கழுவும்போதெல்லாம் புலம்பினேன்.

ஆனா தூக்கம் வரல மகளே. அந்த மை சிந்தின ஓரம் கண்ணுக்குள்ளயே நிக்குது. சோளமாவு கேக் செஞ்சு எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கல, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினா. அவ சொன்னதை நீ தெரிஞ்சுக்கணும், ஏன்னா நீ அங்கே இருந்து பார்த்தா வெயில் மட்டும்தான் தெரியும். "வாரம் பூரா ஒரு ஸ்கூலுக்கே சோறு ஆக்கிப் போடுறேன், என் பேரு என்னன்னு அங்கே யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் நான் அத்தை. வீட்டுக்கு வந்தா சுவரு. சனிக்கிழமை நீ எண்ணெய் தடவும்போதுதான்டி எனக்கு ஒரு முதுகு இருக்கிறதே ஞாபகம் வருது. தோள்ல கோடு பளிச்சுன்னு விழுந்து, ஞாயித்துக்கிழமை கையில்லாத சட்டை போட்டுக்கிட்டுப் பாட்டுக் கச்சேரிக்குப் போனா ஆம்பளைங்க திரும்பிப் பார்க்கிறானுங்க, இந்த வயசுல. டாக்டர்கிட்ட போனா மொதல்ல அந்த வெயிலைத்தான் பிடுங்குவான். அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு, நீயே சொல்லு"ன்னா. அவ சொன்னதுல ஒண்ணுகூடப் பொய் இல்லையே. அப்பதான் எனக்குத் தோணுச்சு, நான்தான் எல்லார் முதுகையும் கோடு விழுறதுக்கு முன்னாடியும் விழுந்ததும் போட்டோ எடுத்து விளம்பரத்துக்குப் போடுவேனே. போன கோடையில எடுத்த அவ முதுகு போன்ல இருந்துச்சு. அந்த அக்டோபர் சனிக்கிழமை காலையில அவ கோவிச்சுக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததும் இருந்துச்சு. ரெண்டையும் பெருசாக்கிக் கம்பி வழியா நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. "இது என் முதுகாடி?"ன்னு கேட்டா. அப்புறம் தாழ்ப்பாளைத் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. கேக்கை அவ தொடல, நான்தான் பதட்டத்துல பாதியைத் தின்னேன்.

நாங்க ரெண்டு பேரும் போன சுகாதார நிலையத்துல இருந்தது ஒரு சின்னப் பொண்ணு டாக்டர், சிரிச்சுப் பேசிக்கிட்டே ஒரு லென்சை வெச்சுப் பார்த்தவ, அதைத் துடைச்சுட்டு மறுபடியும் வெச்சுப் பார்த்தா. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவசரம்னு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. அங்கே மச்சத்தை வெட்டிப் பரிசோதனைக்குக் கொடுத்தாங்க, மெலனோமான்னு வந்துச்சு, தோல் புத்துநோய்லயே மோசமான வகைன்னு நீ சொல்லுவியே, அதேதான். ஆனா ஆழமா இறங்கல, இன்னும் மேலாகத்தான் இருக்கு, சுத்தி இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டி எடுத்துட்டா நம்பிக்கையா இருக்கலாம்னாங்க. அந்தக் காகிதத்தோட அந்தச் சின்னப் பொண்ணு டாக்டர்கிட்டயே திரும்பிப் போய் நான் கேட்டேன், எங்க தோல் பழுப்பாச்சே டாக்டர், எங்களுக்குமான்னு. பழுப்புத் தோல் ஒரு குடை மாதிரிம்மா, கொஞ்சம் காப்பாத்தும், அதை நம்பி அடைமழையில போய் நிக்கக் கூடாதுன்னா அந்தப் பொண்ணு. காலை வெயில்ல மட்டும் நிறம் ஏத்தினா பரவாயில்லையான்னும் கேட்டுப் பார்த்தேன். நிறம் ஏறுதுன்னாலே தோல் அடி வாங்கியிருக்குன்னுதான் அர்த்தமாம், மெதுவா அடிச்சாலும் அடி அடிதானாம். இத்தனை வருஷமா நான் அழகுன்னு நினைச்சது அந்தத் தோல் வலியில போட்ட கூச்சல்தானா?

ஆபரேஷன் தேதி எப்ப வந்துச்சுன்னு நினைக்கிற? கார்னிவலுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை. வருஷத்துல எனக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது, விடிகாலையிலேர்ந்து வரிசை நிக்கும், எல்லாருக்கும் புதுக் கோடு வேணும். நான் கேட்டைப் பூட்டி, இன்னிக்குக் கிடையாதுன்னு அட்டையில எழுதி மாட்டிட்டு இவோனியோட ரயில் ஏறிட்டேன். உன் தம்பி தலையில கைவெச்சான், எல்லாரும் சூயெலென் மாடிக்குத்தான் போவாங்கன்னான், போகட்டும்டான்னேன். ரயில் பூரா இறகும் மினுமினுப்பும், ஒருத்தன் மயில் வேஷம் போட்டுக்கிட்டு நிக்கிறான், நடுவுல இவ ஆஸ்பத்திரிப் பையை மார்போட கட்டிக்கிட்டு நிக்கிறா. அந்த மயில்தான் வாலைச் சுருட்டிக்கிட்டு எழுந்து, "உக்காருங்க அத்தை"ன்னு இடம் கொடுத்துச்சு. ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிக்கிட்டுப் போகும்போது இவோனி என் கையை விடாம, "மார்லூசியா, வெட்டினதுக்கப்புறமும் நீ என் முதுகைத் தொடுவியா?"ன்னு கேட்டா. இதென்னடி கேள்வின்னு சொல்லிட்டு நடையில உக்காந்து அழுதேன், யாரும் பார்க்கல, பார்த்தாலும் பரவாயில்ல. எல்லாம் சுத்தமா எடுத்தாச்சு, வேற எங்கேயும் பரவலன்னு டாக்டர் வந்து சொன்னப்ப, அபரெசிதா மாதா பேருக்கும் முன்னாடி உன் பேருதான்டி என் வாயில வந்துச்சு. அதை உன்கிட்ட சொல்லத்தான் இந்தக் கடிதமே. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அவ போய்க் காட்டணும், அவ்வளவுதான், ஸ்கூல்ல திரும்ப அடுப்பு மூட்டிட்டா.

இப்ப மாடி எப்படி இருக்குன்னு சொல்றேன். பாதிக்கு மேல பச்சை வலை கட்டி நிழல் போட்டாச்சு, வெஸ்லிதான் கட்டினான். உச்சி வெயில்ல யாரையும் படுக்க விடுறதில்ல. நிறத்தைத் தெளிக்கிற மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கேன், டேப்பு ஒட்டி அதைத் தெளிச்சா வெயிலே படாம கோடு விழுந்துடும், ஒரு வாரம் நிக்கும். வர்றவங்க குறைஞ்சிருக்காங்க, உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். காலையில கொஞ்ச நேரமாவது வெயில்ல படுத்தே தீருவேன்னு சில பேரு நிக்கிறாங்க, அவங்களை என்னால விரட்ட முடியல, க்ரீமைப் பூசி, முதுகைப் பார்த்து, திட்டிக்கிட்டே படுக்க வைக்கிறேன். இதுக்கு நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி. ஒரு பொம்பளை வாரத்துல ஒரு நாள் தனக்குன்னு படுத்துக் கிடக்கிற இடத்தை ஒரேயடியாப் பூட்ட எனக்கு மனசு வரல, வெயிலைத்தான் கொஞ்சம் கொஞ்சமாப் பூட்டிக்கிட்டு வர்றேன். ஒரு நாள் சூயெலென் படியேறி வந்தா. சண்டைக்குத்தான் வர்றான்னு இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்னேன், அவ காலைத் தூக்கி நாற்காலியில வெச்சு, "அக்கா, இதைக் கொஞ்சம் பாரேன், மூணு நாளா சோறு இறங்கல"ன்னா. ஈ உக்காந்த மாதிரி ஒரு மரு, பொறந்ததுலேர்ந்து இருக்காம். இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுடின்னு அனுப்பினேன், ஒண்ணுமில்லையாம், எனக்கு ஒரு டின் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தா.

இவோனி போன வாரம் அவ பொறந்தநாளுக்கு வந்தா. தழும்பு நீளமா, இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. தொடட்டுமான்னு கேக்கல, நேரா எண்ணெய்க் கையை வெச்சேன், அவ கண்ணை மூடிக்கிட்டா. நிழல்ல நிக்க வெச்சு டேப்பு ஒட்டி நிறம் தெளிச்சேன், உரிச்சதும் கோடு பளிச்சுன்னு வந்துச்சு. கண்ணாடியில பார்த்துட்டு, "பொய்க்கோடுடி இது"ன்னா. உன் லிப்ஸ்டிக் மட்டும் அம்மா வயித்துலேர்ந்தா வந்துச்சுன்னேன். சிரிச்சா பாரு, தெருவே கேட்டிருக்கும். அன்னிக்கு சாயங்காலமே முதுகு திறந்த சட்டையில கச்சேரிக்குப் போனா, தழும்பு என்னன்னு ஒருத்தன் கேட்டதுக்குச் சுறா கடிச்சுதுன்னு சொல்லி அவனையே ஆட வெச்சிருக்கா. கிளம்புறதுக்கு முன்னாடி என்னைப் பிடிச்சு உக்கார வெச்சு, எல்லார் முதுகையும் பார்க்கிறியே, உன் முதுகை யாருடி பார்க்கிறான்னு கேட்டு, போன் வெளிச்சத்துல ஒரு இடம் விடாம பார்த்தா. கொசுக்கடிதான் இருக்காம், நீ கவலைப்படாதே.

மழையில நனைஞ்சுக்கிட்டு வேலைக்குப் போகாதே, அந்தத் தாத்தாவைக் குளிப்பாட்டும்போது இந்த அம்மாவும் விசாரிச்சான்னு சொல்லு, அல்வாவை ஒரே நாள்ல தீர்த்துடாதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியா முடியட்டும், மாதா உன் கூடவே நடக்கட்டும், உன் வாயிலேர்ந்து வர்ற கசப்பான நல்ல வார்த்தை என்னிக்கும் குறையாம இருக்கட்டும். ஒரே ஒரு வேலை சொல்றேன், மறக்காதே. உன் இடுப்புக்கு மேல வலது பக்கம் ஒரு மச்சம் இருக்கு, நீ குழந்தையா இருந்தப்ப சோப்பு போடும்போதெல்லாம் என் விரல் அதைத் தொட்டுட்டுத்தான் போகும். அது இப்ப எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. கூடத் தங்கியிருக்கிற பொண்ணுகிட்ட சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வெட்கப்படாதே தங்கம், அம்மாதானே பார்க்கப் போறேன்.

ஆயிரம் முத்தங்களோட
உன் அம்மா
மார்லூசியா